முறிவை உரைக்கும் கருவி முறியலாமா?

கணிப்பொறியின் துணையின்றி இக்காலத்தில் ஒரு நாளும் கழிவதில்லை. புகைவண்டிச் சீட்டும், வங்கிக் கணக்கும், தேர்வு முடிவும், மருத்துவமனையில் நோயாளரைப் பற்றிய குறிப்பும் அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. இத்துணைப் பணிகளையும் செய்வது பொறி மட்டும் அன்று. பொறியை நடத்துகின்ற நிரல். நிரல் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதி. மனிதர் எழுதியதில் பிழை இருத்தல் இயல்பே. சில பிழைகள் ஓசையின்றி உறங்கிக் கிடக்கும். சில பிழைகள் ஒரு நாள் விழித்தெழுந்து, மேற்கொண்டு ஓர் அடியும் வைக்க இயலாதபடி நிரலை வீழ்த்திவிடும். இந்த வீழ்ச்சியை ஆங்கிலத்தில் 'கிராஷ்' என்பர். நாம் இதனை முறிவு என்று அழைப்போம்.

முறிந்த நிரல் தன் வாயால் தனக்கு நேர்ந்ததைக் கூற முடியாது. ஆகவே, எங்கே முறிந்தது, எவ்வழியாக அங்கே சென்றது என்பதை எழுதி வைக்கத் தனியே ஒரு கருவியை அமைக்கின்றனர். அதுவே முறிவறிக்கைக் கருவி. நிரலை ஆக்கியவர் அவ்வறிக்கையைப் படித்துப் பிழையைக் களைவார். ஆனால் அக்கருவியும் ஒரு நிரலே. அதுவும் முறியக்கூடும். குறிப்பாக, தான் எதிர்பாராத ஒரு முகவரியைக் காணும்போது அது திகைத்து விழுந்துவிடுவது உண்டு. அப்போது முதற்பிழையின் தடயம் அழிகிறது; நோயும் தெரிவதில்லை, மருந்தும் கிடைப்பதில்லை; நாளை அதே முறிவு மற்றொருவருக்கு நேரும். இக்கேட்டினை எவ்வாறு தடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் 'முகவரி' என்னும் சொல்லின் பொருளைத் தெளிந்துகொள்வோம். கணிப்பொறியின் நினைவகத்தை மிக நீண்ட ஒரு தெருவாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தெருவில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணே முகவரி. நிரலின் கட்டளைகள் இவ்வீடுகளில் வரிசையாகக் குடியிருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கட்டளைக் கூட்டத்தைச் செயற்கூறு என்பர். எழுதுகின்றவர் செயற்கூறுகளுக்குக் 'கூட்டல்', 'அச்சிடல்' என்று பெயரிட்டிருப்பார். பொறிக்கோ அப்பெயர்கள் வேண்டுவதில்லை. அதற்கு எண் ஒன்றே போதும். முறிவு நேர்ந்த கணத்தில் பொறி நமக்குத் தருவதும் எண்ணே.

எண்ணைப் பெயராக மாற்றுவதற்குக் குறியீட்டு அட்டவணை என ஒன்று உண்டு. எந்தப் பெயருடைய செயற்கூறு எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது அதில் ஏறுவரிசையில் எழுதப்பட்டிருக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 'வரவேற்பு' 1000இல் தொடங்குகிறது, 'கூட்டல்' 1400இல், 'அச்சிடல்' 2000இல், நிரல் 2599இல் முடிகிறது. இனி, இந்நிரல் நினைவகத்தில் 50000 என்னும் இடத்தில் ஏற்றப்பட்டதாகக் கொள்வோம். 51450 என்னும் முகவரியில் முறிவு நேர்ந்தது என்றால், 50000ஐக் கழிக்க 1450 வரும். அது 1400க்கும் 2000க்கும் இடைப்பட்டது. ஆகவே முறிவு 'கூட்டல்' என்னும் செயற்கூற்றில், அதன் தொடக்கத்திலிருந்து 50 இடம் தள்ளி நேர்ந்தது என்பது பெறப்படும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கு இது.

முறிந்த இடத்தை மட்டும் அறிந்தால் போதாது. அங்கே வந்த வழியையும் அறிதல் வேண்டும். ஒரு செயற்கூறு மற்றொன்றை வேலைக்கு அழைக்கும்போது, அழைக்கப்பட்டது தன் பணியை முடித்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி வைக்கும் முறை உண்டு. இச்சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். அறிக்கைக் கருவி மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்து, அச்சிடலைக் கூட்டல் அழைத்தது, கூட்டலை வரவேற்பு அழைத்தது என்று வந்த வழியை வரிசைப்படுத்தும்.

இதுவரை யாவும் எளிதாகவே தோன்றும். இடர்ப்பாடு எங்கே பிறக்கிறது? முறிந்த நிரலின் நினைவகம் ஒழுங்காக இருக்கும் என்று நம்புவதில்தான் பிறக்கிறது. வெள்ளம் புகுந்த வீட்டில் பாத்திரங்கள் பரணில் வரிசையாக இருக்கும் என்று எவரேனும் எதிர்பார்ப்பரோ? எந்தப் பிழை நிரலை வீழ்த்தியதோ, அதே பிழை அடுக்கிலுள்ள சீட்டுகளையும் குலைத்திருக்கக்கூடும். ஆகவே கருவியின் கைக்கு வரும் எண் எதுவாகவும் இருக்கலாம்.

முன்சொன்ன அட்டவணையையே மீண்டும் கொள்வோம். 58000 என்னும் எண் வந்தது. கழித்தால் 8000. நிரலோ 2599இல் முடிந்துவிட்டது. அசட்டையாக எழுதப்பட்ட கருவி, கடைசிப் பெயர் 'அச்சிடல்'தானே என்று எண்ணி, 'அச்சிடலில் 6000 இடம் தள்ளி' என்று எழுதிவிடும். அல்லது, கடைசி வரிசைக்கு அடுத்த வரிசையைப் பார்க்க முயன்று, இல்லாத வரிசையைத் தேடித் தானே முறியும். இனி 50400 என்னும் எண் வந்தால் 400 என விடை வரும். முதற்பெயரே 1000இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பெயரைத் தேடும் கருவி அட்டவணைக்கு வெளியே கை நீட்டி வீழும்.

இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. 300 என்னும் எண் வந்ததாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து 50000ஐக் கழித்தால் என்ன வரும்? குறை எண் வரும் என்பீர்கள். ஆனால் முகவரிகளைக் குறிக்கும் எண்களுக்குப் பொறியில் குறை அடையாளம் இடுவதில்லை. 64 இருமக் கட்டங்களில் எண்ணும்போது, சுழியத்திற்குக் கீழே இறங்கினால், மிதிவண்டியின் தூரங்காட்டியைப் பின்னோக்கிச் சுழற்றினாற்போல, எண் உச்சிக்குத் தாவும். 18446744073709501916 என்னும் பேரெண் விடையாக வரும். அவ்வெண்ணை நம்பி அட்டவணைக்குள் புகும் கருவியின் கதி என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

சுழியமும் இவ்வாறே ஒரு பொறியாக அமையும். அதை விளக்குவதற்கு ஒரு சிறு செய்தி கூறல் வேண்டும். திரும்பு சீட்டில் இருப்பது அழைத்த கட்டளையின் எண் அன்று. அதற்கு அடுத்த கட்டளையின் எண். 'கூட்டல்' தன் இறுதிக் கட்டளையில், என்றும் திரும்பி வாராத 'நிறுத்தம்' என்னும் செயற்கூற்றை அழைக்கிறது என்போம். அப்போது சீட்டில் 2000க்குரிய முகவரி இருக்கும். 2000 யாருடைய வீடு? அச்சிடலின் வீடு. செய்தவன் ஒருவனாக இருக்க, அடுத்த வீட்டுக்காரன்மேல் பழி விழுகிறது. இதைத் தவிர்க்கவே, திரும்பு முகவரியிலிருந்து 1ஐக் கழித்துவிட்டு அட்டவணையைப் பார்ப்பது நல்ல கருவிகளின் வழக்கம். வழக்கம் நன்றே. ஆனால், 'இதற்குமேல் அழைத்தவர் எவரும் இலர்' என்பதைக் காட்ட அடுக்கின் முடிவில் 0 இடுவதும் உண்டு. அச்சுழியத்தினின்றும் 1ஐக் கழித்தால் 18446744073709551615 என்னும் மாபெரும் எண் பிறக்கும்! ஒரு பிழையைத் தவிர்க்கச் செய்த உபாயமே மற்றொரு பிழைக்கு வாயிலாகிறது. ஆதலால் சுழியமா என்று முதலில் பார்த்து, பின்னரே கழித்தல் வேண்டும்.

எதிர்பாராத முகவரிகள் யாவும் பிழையால் விளைந்தவை என்றும் கருதிவிடலாகாது. நேர்மையான முகவரிகளிலும் பெயரில்லாதவை உள. ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கட்டளைகளை ஆக்கிக்கொள்ளும் நிரல்கள் இன்று மிகுதி. இணைய உலாவிகள் ஜாவாஸ்கிரிப்டை இவ்வாறே விரைந்து நடத்துகின்றன. அக்கட்டளைகள் நிரலுடன் வந்த அட்டவணையில் இரா. லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகள் தாமாகவே ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் ஒரு சிறு பகுதியை வைக்கின்றன. அதற்குத் தட்டில் கோப்பு என ஒன்றும் இல்லை. இடத்தைச் சிக்கனப்படுத்தப் பெயர் அட்டவணையையே நீக்கிவிட்டு வெளியிடப்படும் நிரல்களும் பல.

மேலும், நிரல் ஏற்றப்படும் இடமும் நாளுக்கு நாள் ஒன்றாக இருப்பதில்லை. தீயோர் முகவரியை முன்னரே கணித்துத் தாக்குவதைத் தடுக்க, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏற்றும் முறையைப் 'பேக்ஸ்' என்னும் குழுவினர் 2001இல் லினக்ஸிற்காக வகுத்தனர். 2005இல் லினக்ஸின் கருவிலேயே அம்முறையின் ஒரு வடிவம் இடம் பெற்றது; 2007இல் மக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலும் அம்முறை அமைந்தது. ஆகவே எந்த எண்ணைக் கழிப்பது என்பதை முறிந்த அன்றைய பதிவிலிருந்தே அறிய வேண்டும். நேற்றைய எண் இன்று உதவாது.

சென்னையில் வீட்டு வாயில்களில் 'பழைய எண்', 'புதிய எண்' என இரண்டும் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதிய வரிசையில் தேடுகின்றவர் ஒரு வீட்டின் கதவைத் தட்டவே செய்வார். ஆனால் அது உரிய வீடாக இராது. முந்திய பதிப்பின் அட்டவணையைக் கொண்டு பிந்திய பதிப்பின் முகவரியைப் படிப்பதும் இத்தகையதே. இதைத் தடுக்க, நிரல் ஆக்கப்படும்போதே அதற்கெனத் தனி அடையாள எண் ஒன்றை நிரலிலும் அட்டவணையிலும் பொறித்துவிடுவர். இரண்டும் ஒத்திருந்தாலன்றி அட்டவணையைத் திறவாமலிருப்பதே அறிவுடைமை.

இனித் தடுக்கும் வழிகளைத் தொகுத்துக் கூறுவேன். முதலாவது, ஒவ்வோர் எண்ணையும் பயன்படுத்துமுன் எல்லை பார்த்தல். ஏற்றப்பட்ட இடத்தின் தொடக்கத்திற்குக் குறைந்ததா, முடிவிற்கு மிகுந்ததா என்று ஒப்பிட்ட பிறகே கழித்தல் வேண்டும். கழித்த பிறகு ஒப்பிடுதல் காலங்கடந்த செயலாகும். அட்டவணையில் தேடிக் கிடைக்காதபோது 'கிடைக்கவில்லை' என்பதையும் ஒரு முறையான விடையாகவே கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, அடுக்கைப் படிக்கும்போது எச்சரிக்கை. குலைந்த அடுக்கில் ஒரு சீட்டு முந்திய சீட்டையே மீண்டும் காட்டினால், கருவி செக்கு மாடுபோல் முடிவின்றிச் சுற்றும். ஆகவே ஒவ்வொரு சீட்டும் முந்தியதைக் கடந்து ஒரே திசையில் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை சீட்டுகளுக்கு மேல் படிப்பதில்லை என்ற வரம்பும் வேண்டும். ஐயத்திற்குரிய நினைவகத்தை நேரே தொடாமல், இயக்க முறைமையின் வழியாகப் படித்துத் தருமாறு கேட்டால், தவறான இடமாயின் அது 'இயலாது' என்று விடை கூறுமேயன்றி நிரலைக் கொல்லாது.

மூன்றாவது, முறிந்த வீட்டிற்குள் இருந்து வேலை செய்யாமை. முறிந்த நிரல் நினைவகத்தைப் பங்கிடும் அறையைப் பூட்டிக்கொண்டிருந்த வேளையில் முறிந்திருக்கலாம். அறிக்கைக் கருவி அதே அறையில் இடம் கேட்டால், திறவாத பூட்டின்முன் என்றென்றும் நிற்கும். ஆகவே தனக்கு வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளல் வேண்டும். இதனினும் மேலான வழி, வேறொரு தனி நிரலாக நின்று வெளியிலிருந்து பார்ப்பது. கூகுள் நிறுவனத்தார் ஆக்கிய 'கிராஷ்பேடு' என்னும் கருவி இவ்வாறு தனியே நின்று பணி செய்கிறது.

நான்காவது, எழுதுதலையும் பொருள் கூறுதலையும் பிரித்தல். முறிந்த இடத்தில் எண்களை மட்டும் உள்ளது உள்ளவாறு குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வெண்களுக்குப் பெயர் காணும் வேலையைப் பிறகு, வேறோர் இடத்தில், அமைதியாகச் செய்யலாம். பெயர் காண்பதில் தடை நேர்ந்தாலும் எண்கள் அழிவதில்லை. அட்டவணை பின்னொரு நாள் கிடைத்தால் மீண்டும் முயலலாம்.

இவ்வளவும் நுணுக்கம் பேசுவோரின் வீண் கவலை அன்றோ என்று சிலர் கருதலாம். அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1996 ஜூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாக எழுந்தது. 'கிளஸ்டர்' என்னும் பெயருடைய 4 அறிவியல் செயற்கைக் கோள்களை அது சுமந்து சென்றது. ஏறத்தாழ 37 வினாடிகள் யாவும் நலமே. பின்னர் ஏவூர்தி திடீரெனத் திசை மாறி, உடைந்து சிதறியது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த குழு காரணத்தை ஆராய்ந்தது. ஏவூர்தியின் நிலையை அளக்கும் கருவியில், 64 கட்டங்களில் இருந்த ஓர் எண்ணை 16 கட்டங்களில் அடக்க ஒரு கட்டளை முயன்றது. 16 கட்டங்களில் அடங்கும் மிகப் பெரிய நிறை எண் 32767. வந்த எண்ணோ அதனினும் பெரிது. முந்திய ஏரியான் 4இன் பாதையில் அவ்வளவு பெரிய எண் வாராது. ஏரியான் 5 விரைந்து செல்வதால் வந்தது. இத்தகைய மாற்றங்கள் ஏழில் நான்கிற்கு மட்டுமே காப்பு இடப்பட்டிருந்தது. காப்பற்ற மூன்றனுள் ஒன்றில் கருவி முறிந்தது. அதற்குத் துணையாக இருந்த மற்றொரு கருவியும் அதே நிரலைக் கொண்டது. ஆதலால் அதுவும் அதே காரணத்தால் அதற்குச் சற்று முன்னரே முறிந்திருந்தது.

இனித்தான் நம் பொருளுக்கு உரிய செய்தி வருகிறது. முறிந்த கருவி, தான் முறிந்ததைக் குறிக்கும் சில குறிகளைத் தலைமைக் கணிப்பொறிக்கு அனுப்பியது. அது ஒரு முறிவறிக்கையே. ஆனால் பெற்றுக்கொண்ட கணிப்பொறி அதை அறிக்கை என்று உணரவில்லை. ஏவூர்தியின் உண்மையான நிலையைக் காட்டும் அளவு என்றே அதைக் கொண்டது. நேராகச் சென்றுகொண்டிருந்த ஊர்தி பெரிதும் சாய்ந்துவிட்டதாக எண்ணி, அதைத் திருத்துவதற்காக எரிகுழல்களை முற்றிலும் ஒருபுறம் திருப்பியது. பல ஆண்டு உழைப்பு ஒரு நிமிடத்திற்குள் சாம்பலாயிற்று. இழந்த 4 செயற்கைக் கோள்களுக்கு ஈடாகப் புதியவை 2000ஆம் ஆண்டிலேதான் விண்ணுக்குச் சென்றன.

இங்கே முகவரி அட்டவணை எதுவும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் நோயின் வேர் ஒன்றே. எதிர்பார்த்த எல்லைக்கு அப்பாற்பட்ட ஓர் எண் வந்தது. அதற்கு இடம் வைக்கப்படவில்லை. அறியாமையைக் கூறிய செய்தி, அறிந்த செய்திபோல் படிக்கப்பட்டது. பெயரற்ற முகவரிக்கு அருகிலிருந்த பெயரைச் சூட்டும் கருவி செய்வதும் இதுவே. முறிந்துபோகும் கருவி நம்மை இருளில் விடுகிறது. பொய்ப்பெயர் கூறும் கருவியோ தவறான வழியில் விளக்கேந்தி அழைத்துச் செல்கிறது. பிழையற்ற செயற்கூற்றைப் பிரித்துப் பார்ப்பதில் நாட்கள் கழியும்; உண்மைப் பிழை ஓரிடத்தில் ஒளிந்திருக்கும்.

நம் அஞ்சற்காரரை எண்ணிப் பாருங்கள். பையிலுள்ள நூறு கடிதங்களுள் ஒன்றின் விலாசம் விளங்கவில்லை. அதற்காக அவர் பையைக் கீழே போட்டுவிட்டு வீடு திரும்புவதில்லை. அருகிலுள்ள வீட்டில் எறிந்துவிட்டும் செல்வதில்லை. மற்றத் தொண்ணூற்றொன்பதையும் உரியவரிடம் சேர்க்கிறார். அந்த ஒன்றின்மேல் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதி, எழுதிய விலாசத்தை அழிக்காமல் திருப்பி அனுப்புகிறார். நல்ல முறிவறிக்கைக் கருவியின் இலக்கணம் இச்செயலில் முழுவதும் அடங்கியுள்ளது. பெயர் தெரிந்த முகவரிகளுக்குப் பெயரை எழுது. தெரியாததற்கு எண்ணை மட்டும் எழுதி, 'பெயர் தெரியவில்லை' என்று குறி. பின்பு அடுத்த சீட்டிற்குச் செல்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவீர்கள். எழுதி முடித்ததும், சரியான எண்களைக் கொடுத்துச் சரியான விடை வருகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வதே. அதனோடு நில்லாதீர்கள். 0ஐக் கொடுத்துப் பாருங்கள். மிகப் பெரிய எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அட்டவணையின் முதற்பெயருக்கு ஒன்று முன்னும், கடைசி எல்லைக்கு ஒன்று பின்னும் கொடுத்துப் பாருங்கள். வெற்று அட்டவணையையும் கொடுத்துப் பாருங்கள். எவ்விடத்தும் உங்கள் கருவி நிற்காமல், பொய்யும் கூறாமல் இருந்தால் அதனை நம்பலாம்.

வகுப்பறையில் நெடுங்காலம் வினாக்கள் தொடுத்தவன் நான். வினாவிற்கு விடை தெரியாத மாணவருள் மூவகையினர் உண்டு. ஒருவர் அஞ்சி வாயடைத்து நிற்பார். ஒருவர் வாயில் வந்ததைச் சொல்வார். ஒருவர், 'இதுவரை தெரியும், ஐயா. இதற்குமேல் தெரியவில்லை' என்பார். மூன்றாமவருக்குக் கற்பிப்பது எளிது. எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவரே காட்டிவிடுகிறார். கருவிகளையும் அம்மூன்றாம் மாணவரைப் போலவே ஆக்குங்கள்.